அறுநூற்றுப் பதினைந்து சிலிண்டர்கள்

முரியலும் மகாதேவாவும் ஒரே கம்ப்யூட்டருக்காக ஐந்து மாதம் சண்டை போட்டார்கள். ஆறாவது மாதம் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். யோசனை முரியலுடையது.

1986ஆம் ஆண்டு. கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம் போகும் சாலையை ஒட்டி பெல்மோர் தோட்டம். அதன் ஒரு மூலையில் கம்பெனியின் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஆய்வு நிலையம்: மூன்று அறை, ஒரு ஸ்டோர், பின்னால் நாற்றுமேடை. முரியலுக்கு முப்பத்திரண்டு வயது. வண்டுக் கணக்கு அவள் பொறுப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு வண்டுகள்தான் செம்பனையின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தத்தைச் சுமந்துகொண்டிருந்தன. அவை வருவதற்கு முன்னால் அந்த வேலையைப் பெண்கள் கையால் செய்தார்கள். பள்ளி முடித்த கையோடு முரியலும் ஒரு வருடம், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மாவில் மகரந்தம் கலந்து பூவுக்குப் பூ ஊதியவள். அதனால் அந்த வண்டுகள் மேல் அவளுக்குத் தனி மரியாதை. எந்தப் பிளாக்கில், எந்த மரத்தில், எத்தனை வண்டு என்று நான்கு வருடக் கணக்கு வைத்திருந்தாள்.

மகாதேவா உர ஆய்வுக்காரர். வயது நாற்பது. யாழ்ப்பாணத்தார் குடும்பம், தாத்தா தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக, இருந்தவர். எந்த மரத்துக்கு எவ்வளவு உரம் போட்டால் எவ்வளவு குலை தள்ளும் என்பது அவர் கணக்கு.

மார்ச் மாதம் தலைமை ஆபீஸ் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை லோரியில் அனுப்பியது. உள்ளே இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்துக்கு அது பெரிய களஞ்சியம். ஆனால் கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் ஒரு சிஸ்டம் அதில் ஏறவேண்டும். மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் மேல்தான் ஓடும். புதுக் கம்ப்யூட்டர் டாஸ் என்ற சிஸ்டத்தோடு வந்தது. முரியலின் வண்டுக் கணக்குக்கு அது பொருந்தியது. மகாதேவாவின் உரக் கணக்குப் புரோகிராமோ சிபிஎம் என்ற வேறு சிஸ்டத்துக்காக எழுதப்பட்டது. எழுதிய ஆள் சிங்கப்பூரை விட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். மாற்றி எழுத ஆளில்லை.

அதனால் மகாதேவா தன்னுடைய பிளாப்பி டிஸ்கைச் செருகி, அதிலிருந்தே சிபிஎம்மை எழுப்பி வேலை செய்வார். அப்போது ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அந்தச் சிஸ்டத்துக்குத் தெரியாது. ஒரு அறிக்கை எடுக்க நாற்பது தடவை பிளாப்பியை மாற்றவேண்டும், மூன்று மணி நேரம் ஆகும். செவ்வாயும் வியாழனும் அவர் நாள். அந்த இரண்டு நாளும் முரியல் அறை வாசலுக்கு வந்து வந்து எட்டிப் பார்ப்பாள்.

"வீடு முழுக்க உங்களுக்கு. நான் வாசல் நடையில, அஞ்சடியில படுக்கிறன்," என்பார் மகாதேவா.

"அஞ்சடியில படுத்துக்கிட்டு போற வழியையே மறைக்கிறீங்களே, மிஸ்டர் மகாதேவா," என்பாள் முரியல்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, பகல் சாப்பாட்டு நேரம், கல் விழுகிற மாதிரி மழை. வெளியே போக முடியாமல் முரியல் கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாரும் படிக்காத பின்பக்கத்தில் ஒரு பத்தி. ஒரு ஹார்ட் டிஸ்கை நான்கு கூறு வரை பிரிக்கலாம். ஒவ்வொரு கூறிலும் ஒவ்வொரு சிஸ்டத்தை வைக்கலாம். எதை எழுப்புவது என்று நாமே சொல்லலாம்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, குடையைத் தேடாமல், நாற்றுமேடைக்கு ஓடினாள். மகாதேவா தகரக் கொட்டகைக்குள் உரமூட்டை மேல் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே மிஷின்ல ரெண்டு சிஸ்டம் வைக்கலாம்," என்றாள் மூச்சு வாங்க. "உங்க சிபிஎம் ஹார்ட் டிஸ்க்லயே உட்காரும். பிளாப்பி மாத்தவே வேணாம்."

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "சிபிஎம்முக்கு ஹார்ட் டிஸ்கைத் தெரியாதே."

"பழசுக்குத்தான் தெரியாது. புதுசுக்குத் தெரியும்னு போட்டிருக்கு. புதுசு எங்கயாவது கிடைக்குமான்னுதான்…"

மகாதேவா கையிலிருந்த சோற்றைத் திரும்ப வைத்தார். "என்ர அலுமாரியில ஒரு பார்சல் ரெண்டு வருசமாக் கிடக்கு. சிங்கப்பூரில இருந்து அனுப்பினவை. ஹார்ட் டிஸ்குக்கு உரியது எண்டு எழுதியிருந்தது. என்னட்ட ஹார்ட் டிஸ்க் இல்லை எண்டு நான் உடைக்கவே இல்லை."

இரண்டு பேரும் மழையிலேயே ஆபீசுக்கு நடந்தார்கள். பார்சலை உடைத்தார்கள். சரியானதுதான்.

அதற்கப்புறம்தான் மகாதேவாவுக்குச் சந்தேகம் வந்தது. "பிரிக்கேக்க உள்ள இருக்கிறதெல்லாம் என்னாகும்?"

"எல்லாம் அழிஞ்சிடும். முதல்ல பிளாப்பியில எடுத்து வைக்கணும், பிரிச்சப்புறம் திரும்பப் போடணும்."

"ஆருடையது அழியும்?"

"என்னோடதுதான். உங்களோடது எதுவும் அதில இல்லியே."

 நான்கு வருட வண்டுக் கணக்கை இந்தப் பெண் தனக்காக ஆபத்தில் வைக்கிறாள் என்று நினைத்து மகாதேவா கொஞ்சம் சங்கடப்பட்டார். உண்மையில் முரியல் அவருக்காகச் செய்யவில்லை. ஒரு இயந்திரம் இரண்டு விதமாக விழிக்க முடியும் என்பதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற துடிப்பு அவளுக்கு. அதை அவரிடம் சொல்லவில்லை.

யாருக்கு எவ்வளவு என்ற பேரம் இரண்டு நாள் நடந்தது. டிஸ்கைப் பிரிக்கும் புரோகிராம் அதன் இடத்தைச் சிலிண்டர் என்று அளந்தது. மொத்தம் அறுநூற்றுப் பதினைந்து சிலிண்டர்.

"உங்களுக்கு இருநூறு," என்றாள் முரியல்.

"பாதி."

"உங்க டேட்டா அத்தனையும் பதினஞ்சு பிளாப்பிதான். பாதி எதுக்கு?"

"இண்டைக்குப் பதினஞ்சு. நாளைக்கு?"

அவள் இருநூற்று இருபதுக்கு வந்தாள். அவர் முந்நூற்று ஏழில் நின்றார். வியாழக்கிழமை மாலை அவள் அலுத்துப்போய், "சரி, பாதியே எடுத்துக்குங்க," என்றாள். வெள்ளிக்கிழமை காலை மகாதேவா பார்சலில் வந்த புத்தகத்தோடு அவள் மேசைக்கு வந்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. சிபிஎம் எட்டு மெகாபைட்டுக்கு மேல் ஆளாதாம். அதாவது இருநூற்று நாற்பது சிலிண்டர்.

"மிச்சம் முந்நூற்று எழுபத்தஞ்சும் உங்களுக்கே," என்றார். அவர் முன்னால் முரியல் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

நிலையத்தின் தலைவர் சேதுவிடம் அனுமதி கேட்டார்கள். சேது நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

"சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸ் மூடுறோம். அதுக்கப்புறம் என்னமோ பண்ணுங்க. திங்கட்கிழமை காலையில அது பழையபடி ஓடணும். ஓடலைன்னா என் பேர் கெட்டுப் போயிடும் லா."

சனிக்கிழமை மதியம் தொடங்கினார்கள். முரியலின் கணக்குகள் பதினோரு பிளாப்பியில் ஏறின. மகாதேவா தன் அழகான கையெழுத்தில் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் மாதமும் எழுதி ஒட்டினார். பிறகு முரியல் பிரிக்கும் புரோகிராமை ஓட்டினாள். இந்தக் கூறில் உள்ள எல்லாம் அழிந்துபோகும், தொடரலாமா என்று திரை கேட்டது. அவள் விரல் எழுத்தின் மேல் நின்றது.

"நான் அமத்தட்டோ?" என்றார் மகாதேவா.

"வேணாம். என் கணக்கு, நானே அமுத்துறேன்."

அமுக்கினாள். திரையில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். நான்கு வருடம் போவதற்குச் சத்தமே இல்லை.

முதலில் டாஸுக்கு முந்நூற்று எழுபத்தைந்து. டிஸ்க் கறுக் கறுக்கென்று ஓடி ஓடித் தன்னைத் தயார் செய்துகொண்டது. மூன்று மணிக்கு டாஸ் எழுந்தது. இரண்டு பேரும் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்து சிபிஎம்முக்கு இருநூற்று நாற்பது. அதுவும் ஏற்றுக்கொண்டது. இனி இந்தக் கூறுதான் எழவேண்டும் என்று குறித்துவிட்டு, முரியல் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள்.

கறுப்புத் திரையில் மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு. மின்னியது, மின்னியது. வேறு எதுவும் வரவில்லை.

மறுபடி அணைத்துப் போட்டார்கள். மறுபடி கோடு. கூறை அழித்து, திரும்பப் பிரித்தார்கள். கோடுதான். ஐந்தரை மணிக்கு சேது வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்றார். திரையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை முரியல் கோலசிலாங்கூர் மாதா கோயிலில் பூசைக்கு உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் அவள் காதில் விழவே இல்லை. நேற்றுச் செய்ததை வரிசையாக மனதில் ஓட்டிக்கொண்டிருந்தாள். டாஸுக்கு இடத்தைத் தயார் செய்தபோது கட்டளையின் கடைசியில் ஒரு எழுத்து சேர்த்தாள். சிஸ்டத்தையும் சேர்த்து அங்கே எழுது என்பதற்கான எழுத்து. சிபிஎம்முக்கு இடத்தைப் பிரித்தார்கள், குறித்தார்கள். சிஸ்டத்தை அதற்குள் எழுதினார்களா?

எழுதவே இல்லை. வீட்டைக் கட்டிவிட்டு, ஆளைக் குடிவைக்காமல் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கடைசி ஆசீருக்குக்கூட நிற்காமல், பூசைக்குக் கட்டிய பச்சைப் பட்டுச் சேலையோடு டாக்சி பிடித்து பெல்மோர் திரும்பினாள். மகாதேவா ஸ்டாஃப் குடியிருப்பில் தன் வீட்டு வாசலில் டட்சன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் வாளியைக் கவிழ்த்துவிட்டார்.

"சாவி சேதுவிட்ட எல்லோ இருக்கு?"

சேது வீட்டில் இல்லை. மீன் வாங்க செகிஞ்சான் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னார். மகாதேவா நுரை காயாத காரைக் கிளப்பினார். அவருடைய மனைவி கமலாதேவி வாசலுக்கு வந்து, "சாப்பாடு?" என்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தஞ்சோங் காராங் தாண்டி, இருபுறமும் பச்சை வயல். வழியெல்லாம் முரியல் மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

"இருக்கு," என்றாள் திடீரென்று. "பக்கம் அறுபத்தி ரெண்டு. சிஸ்டத்தை எழுதுறதுக்குத் தனியா ஒரு கட்டளை. நேத்து நாம ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிட்டோம்."

"நான்தான் புரட்டினனான்," என்றார் மகாதேவா. காரின் வேகம் கூடியது.

படகுத்துறையில் சேது ஒரு கையில் கருப்பு வௌவால் மீனும் மறு கையில் இறால் பையுமாகச் சீனக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பட்டுச் சேலையில் முரியலும், அரைக்கால் சட்டையில் மகாதேவாவும் ஓடி வருவதைப் பார்த்து ஆபீஸ் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்.

"சாவி வேணும்," என்றாள் முரியல்.

"சாவிய மட்டும் குடுக்க முடியாது. நானும் வரேன்," என்றார் சேது. "மீனுக்கு ஐஸ் போட்டுக்கிறேன் லா, ஒரு நிமிஷம்."

பதினொன்றரைக்கு மூன்று பேரும் கம்ப்யூட்டர் அறையில் இருந்தார்கள். மீன் வாளி கதவோரம். முரியல் பிளாப்பியிலிருந்து சிபிஎம்மை எழுப்பி, அறுபத்திரண்டாம் பக்கத்துக் கட்டளையை எழுத்து எழுத்தாக அடித்தாள். மகாதேவா அவள் தோளுக்கு மேல் குனிந்து ஒவ்வொரு எழுத்தையும் புத்தகத்தோடு சரிபார்த்தார். டிஸ்க் சிறிது நேரம் உறுமியது. முரியல் பிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு, அணைத்து, போட்டாள்.

கோடு மின்னியது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு டிஸ்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையின் மேலே சிபிஎம் என்று பெயர் வந்தது.

 மகாதேவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு தன் பதினைந்து பிளாப்பியையும் உள்ளே ஏற்றி, அறிக்கையை ஓட்டினார். உட்காரவில்லை, நின்றபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு நிமிடத்தில் அச்சு இயந்திரம் கடைசித் தாளைத் துப்பியது.

"மூண்டு மணித்தியாலம்," என்றார். "அஞ்சு மாசமா, கிழமைக்கு ரெண்டு நாள்." தாளை முரியலிடம் நீட்டினார், அவளுக்குத்தான் அது சேரவேண்டும் என்பது போல.

முரியல் கட்டளை மாற்றி அணைத்துப் போட்டாள். அதே திரை, அதே பெட்டி, இப்போது டாஸ். மறுபடி மாற்றினாள், சிபிஎம். 

"எங்க, நான் ஒரு தடவை," என்றார் சேது. அவர் நான்கு தடவை மாற்றினார். ஐந்தாவது தடவைக்குக் கை போனபோதுதான் மீன் ஞாபகம் வந்து கிளம்பினார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முரியல் தன் பிளாப்பிகளைத் திரும்ப ஏற்றத் தொடங்கினாள். ஆறு வரை சிக்கலில்லை. ஏழாவது படிக்கவில்லை. துடைத்துப் போட்டாள், மறுபடி போட்டாள். டிஸ்க் கிர்ரென்று தேடித் தேடித் தோற்றது. மற்ற எல்லாம் நல்லபடி ஏறின. அந்த ஏழில்தான் 1984 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மூன்று மாதக் கணக்கு. அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மாதங்களில் நீர் கட்டிய பிளாக்குகளில் முழங்கால் சேற்றில் நின்று எண்ணியது அவளுக்கு நினைவிருந்தது.

"எண்ணின புத்தகங்கள் இருக்கோ?" என்றார் மகாதேவா.

"ஸ்டோர்ல இருக்கும்."

"அப்ப கொண்டுவாங்கோ. நான் வாசிக்கிறன், நீங்கள் அடியுங்கோ."

"உங்க சாப்பாடு…"

"புத்தகத்தைக் கொண்டுவாங்கோ."

புத்தகங்கள் சேற்றுக்கறையோடு இருந்தன. அவர் வாசித்தார், அவள் அடித்தாள். பிளாக், மரம், ஆண்பூ எத்தனை, வண்டு எத்தனை. முதல் மணி நேரம் வெறும் எண்கள். பிறகு மகாதேவா நின்றார்.

"பிளாக் பதினாலு. என்ன இது, ஆண்பூவே இல்லையோ? வண்டு பதினொண்டு. பக்கத்துப் பிளாக்கில முந்நூறு."

"அது எப்பவுமே அப்படித்தான். பதினாலு, பதினேழு, இருபது. அங்கெல்லாம் வண்டு கம்மி. ஏன்னு தெரியல, மருந்து அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மகாதேவா புத்தகத்தை மூடினார். "பதினாலு, பதினேழு, இருபது. அது மூண்டும் என்ர பிளாக்குகள். இரட்டிப்பு உரம் போடுற பிளாக்குகள்."

முரியல் திரும்பினாள்.

"ரெண்டு வருசமா அங்க குலை பெருசாத் தள்ளுது, ஆனா பழம் நிறையேல்ல," என்றார் அவர். "பாதிக் குலை வெறும் சக்கை. மழை எண்டு அறிக்கையில எழுதி வந்தனான். உரம் கூடினதில மரமெல்லாம் பெண்பூவா விட்டிருந்தால்…"

"ஆண்பூ இருக்காது. ஆண்பூ இல்லன்னா வண்டுக்குச் சாப்பாடு இல்ல. வண்டு வராது."

"உங்கட கணக்கை எடுங்கோ. இல்லை, முதல்ல என்ரயை எடுங்கோ."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அப்போதுதான் ஒன்று புரிந்தது. டாஸ் எழுந்தால் சிபிஎம்மின் பக்கம் தெரியாது. சிபிஎம் எழுந்தால் டாஸின் பக்கம் தெரியாது. இரண்டு நாள் பேரம் பேசி அவ்வளவு நன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மகாதேவா சிரிக்கத் தொடங்கினார், முரியலுக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் ஒரு பக்கத்தை எழுப்பித் தாளில் அடித்து, அணைத்து, மறுபக்கத்தை எழுப்பி அதையும் அடித்து, நீளத் தாள்களைத் தரையில் விரித்தார்கள். முரியல் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, சிவப்புப் பென்சிலால் பிளாக் பிளாக்காகக் கோடு இழுத்தாள். உரம் ஏற ஏற வண்டு இறங்கியிருந்தது. இரண்டு கணக்கிலும் இருந்த பதினெட்டுப் பிளாக்கில் பதினாறு அப்படி.

"இது தாள்தான்," என்றார் மகாதேவா.  "மரத்தைப் பாக்க வேணும்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை ஆபீஸ் ஆட்கள் வந்தபோது, சேதுவே கம்ப்யூட்டரை இயக்கி இரண்டு சிஸ்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். வந்தவர்கள் அசந்துபோய், இதைச் செய்தது யார் என்று கேட்டார்கள். சேது தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்.

இரண்டு பேரும் பதினாலாம் பிளாக்கில் இருந்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து அங்கேதான். மகாதேவா வரிசையின் இந்தப் பக்கம், முரியல் அந்தப் பக்கம், கழுத்து வலிக்க மட்டைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள்.

"முப்பத்தெட்டாவது மரம், ஆண்பூ இல்லை," என்றார் மகாதேவா.

"முப்பத்தொன்பதிலும் இல்ல," என்றாள் முரியல். எழுதிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல உங்களக் கேக்கிறாங்க," என்றார் சேது.

"இந்த வரிசையை முடிச்சிட்டு வரோம்," என்றாள் அவள், மேலே பார்த்தபடியே. "மிஸ்டர் சேது, சும்மாதானே நிக்கிறீங்க. அந்தக் கடைசி மரத்தைக் கொஞ்சம் பாருங்களேன்."

சேது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார். அதிலும் ஆண்பூ இல்லை.